துளிர்தான் நாட்காட்டி: சிங்கப்பூர் வீடுகளில் எலுமிச்சை, கறிவேப்பிலை நோய்கள்

பழமர நோய்களைப் பற்றி இணையத்தில் தேடினால் கிடைக்கும் அறிவுரைகளில் பாதிக்கு மேல் ஆப்பிள் மரத்தை மனத்தில் வைத்து எழுதியவை. உதிர்ந்த இலைகளைக் கூட்டி அப்புறப்படுத்து, குளிர்காலத்தில் கவாத்து செய், மொட்டு வெடிக்கும் முன் மருந்தடி என்று சொல்லும். ஆப்பிளுக்கு அது சரிதான். ஆப்பிள் சொறி நோயின் பூஞ்சை உதிர்ந்த இலைக்குள் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, வசந்த மழையில் வித்துகளை வீசி எறிகிறது. இலையைக் கூட்டினால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். ஆனால் வழக்கமான ஆப்பிள் ரகங்கள் பல, 7 டிகிரிக்கும் குறைவான குளிரில் 800 முதல் 1000 மணி நேரம் கிடந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். சிங்கப்பூரிலோ வெப்பநிலை 19 டிகிரிக்குக் கீழே இறங்கியதாகப் பதிவே இல்லை. நம் வாசலிலும் தாழ்வாரத்திலும் நிற்பவை எலுமிச்சை, கலமான்சி (புளிப்பான சிறுகாய் வகை), லிமாவ் பூருட் (காஃபிர் லைம்), பிறகு இவை எல்லாவற்றுக்கும் ஒரே குடும்பத்து உறவான கறிவேப்பிலை. இவற்றுக்கு உறக்கக் காலம் இல்லை. நோய்க்கும் ஓய்வு இல்லை.

அதனால் மாதம் பார்த்து மருந்தடிக்கும் பழக்கம் இங்கே பலன் தராது. பார்க்க வேண்டியது துளிரை. எலுமிச்சை ஆண்டு முழுக்கச் சீராக வளர்வதில்லை. விட்டு விட்டு வளர்கிறது. சில நாள் வெயிலுக்குப் பின் நல்ல மழை பெய்தாலும், கிளையை வெட்டினாலும், உரம் போட்டாலும் ஒரே நேரத்தில் பல நுனிகளில் வெளிர்பச்சைக் கொழுந்து கிளம்பும். அது விரிந்து, தடித்து, கரும்பச்சையாக முற்ற ஐந்து ஆறு வாரம் ஆகும். எலுமிச்சைக்கு வரும் பாக்டீரியச் சொறி நோய் (ஆப்பிள் சொறி வேறு), இலைச்சுரங்கப் புழு, சாறுறிஞ்சும் சில்லிட் பூச்சி, அசுவினி என்று பெரிய தொல்லைகள் அத்தனையும் இந்தச் சில வாரங்களுக்குள்தான் நுழைகின்றன. முற்றிய இலை அவற்றுக்குப் பெரும்பாலும் மூடிய கதவு. தொட்டியருகே ஒரு சீட்டில் துளிர் கிளம்பிய தேதியைக் குறித்து வைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

மழை படும் செடி, மழை படாத செடி

ஒரே ஊர் என்றாலும் தரை வீட்டுத் தோட்டமும் பத்தாவது மாடித் தாழ்வாரமும் இரண்டு வேறு நாடுகள். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. தோட்டத்தில் நிற்கும் செடி அத்தனையையும் தலையில் வாங்கிக்கொள்கிறது. அதற்கு வருபவை ஈரத்தின் நோய்கள்: சொறி, இலைப்புள்ளி, வேரழுகல், தண்டில் பிசின் வடிதல். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் தாழ்வாரத்தில் கூரைக்கடியில் நிற்கும் செடியின் இலையிலோ மழை விழுவதே அரிது. அதனால் சொறி நோய் குறைவு. ஆனால் மழை கழுவிவிடாத தூசும் பூச்சியும் அப்படியே தங்கிவிடும். செஞ்சிலந்தி, மாவுப்பூச்சி, செதில் பூச்சி, அவற்றின் பின்னால் வரும் கரும்பூஞ்சணம் எல்லாம் தாழ்வாரத்துச் சொத்து.

இலையின் மேற்பரப்பில் ஊசியால் குத்தியதுபோல் வெளிறிய புள்ளிகள் நெருக்கமாகப் பரவி, பச்சை மங்கி, இலை வெள்ளிப்பூச்சு போலத் தெரிந்தால் செஞ்சிலந்தியைச் சந்தேகிக்கலாம். இலைக்கடியில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து இலையைத் தட்டுங்கள். தாளில் விழுந்த பொடியில் சில புள்ளிகள் மெல்ல நகர்ந்தால் அதுதான். தாழ்வாரச் செடிக்கு இதற்கான முதல் மருந்து தண்ணீர். வாரம் ஒருமுறை செடியைக் குளியலறைக்குள் இழுத்துவந்து, இலையின் அடிப்புறம் நன்றாக நனையும்படி ஷவரில் கழுவினால் போதும். தொட்டியைத் திரும்ப வைக்கும்போது தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது குடிமைத் தற்காப்புப் படையின் தீப்பாதுகாப்பு விதி.

மஞ்சளைப் படிப்பது எப்படி

இலை மஞ்சளானதும் உரம் போடுவது நம் கை தன்னால் செய்யும் வேலை. பாதிச் சமயம் அது தவறு. மஞ்சள் எந்த இலையில் தொடங்கியது, நடு நரம்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே உரப்பையைத் திறக்க வேண்டும்.

அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் முழுதாக வெளிறி உதிர்ந்தால் தழைச்சத்துக் குறைவு. முதிர்ந்த இலையின் காம்புப் பக்கம் மட்டும் தலைகீழ் ‘வி’ போலப் பச்சை நின்று மற்ற இடம் மஞ்சளானால் மக்னீசியக் குறைவு. இவை இரண்டும் இங்கே சகஜம். தொட்டி வழியே ஓடும் மழைநீர் இந்தச் சத்துகளைக் கரைத்துக்கொண்டு போய்விடும். பூச்சுப் பூசிய மெதுவுரத்தின் பையில் ‘6 மாதம்’ என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பக் கூடாது. அந்தக் கணக்கு குளிர்ந்த நாட்டு வெப்பநிலைக்குப் போட்டது. 30 டிகிரி வெயிலில் பூச்சு வேகமாகக் கசியும். மூன்று நான்கு மாதத்தில் உரம் தீர்ந்துவிடும். மக்னீசியத்துக்கு 1 லிட்டர் தண்ணீரில் 5 கிராம் எப்சம் உப்பைக் கரைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என மூன்று தடவை மாலையில் இலைமேல் தெளித்தால் போதும்.

இளம் இலையில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் வலைபோல் தெரிந்தால் இரும்புக் குறைவு. இலை சிறுத்து, குறுகி, கொத்தாக மேல்நோக்கி நின்றால் துத்தநாகக் குறைவு. கறிவேப்பிலை வெளிறினால் புளித்த மோர் ஊற்றச் சொல்வது நம் வீடுகளில் வழிவழியாக வரும் வைத்தியம். மோர் மண்ணைச் சற்றுப் புளிப்பாக்கும், மண்ணில் இருக்கும் இரும்பு கொஞ்சம் எளிதாகக் கரையும் என்பது உண்மைதான். ஆனால் மண்ணில் இல்லாத இரும்பை மோர் எங்கிருந்து கொண்டுவரும்? சிறு தொட்டியில் அடிக்கடி ஊற்றினால் நாற்றமும் எறும்பும்தான் மிச்சம். நர்சரியில் கிடைக்கும், வேர் எளிதில் உறிஞ்சும் கீலேட் இரும்பைப் பொட்டலத்தில் உள்ள அளவுப்படி மண்ணில் ஊற்றுவது நேரான வழி. அன்னபேதி (இரும்பு சல்பேட்) மலிவுதான், ஆனால் சொட்டிய இடமெல்லாம் துருக்கறை பிடிக்கும். தாழ்வாரத் தரையில் அந்தக் கறை போகவே போகாது.

சத்துக் குறைவால் வரும் இந்த மஞ்சள்களுக்கு எல்லாம் பொதுவான அடையாளம் ஒன்று உண்டு. நடு நரம்பின் இடப்பக்கம் எப்படியோ வலப்பக்கமும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். சத்து இரு பக்கமும் சமமாகத்தான் குறையும். இடமும் வலமும் பொருந்தாமல், திட்டுத் திட்டாக, நரம்பைத் தாண்டியும் மஞ்சள் பரவியிருந்தால் அது பசியால் வந்த மஞ்சள் அல்ல.

மஞ்சள் டிராகனும் கறிவேப்பிலையும்

அந்தப் பொருந்தாத மஞ்சளுக்குச் சீனமொழியில் ஹுவாங்லாங்பிங் என்று பெயர். ‘மஞ்சள் டிராகன் நோய்’ என்று பொருள் சொல்வார்கள். பச்சை மரத்தில் ஒரே ஒரு கிளை மட்டும் மஞ்சளாகத் தலைதூக்கும் தோற்றத்திலிருந்து வந்த பெயர். தென்சீனத்தில் 1919இலேயே இந்த நோய் விவரிக்கப்பட்டது. ஒட்டுக்கட்டினால் நோயும் தொற்றுகிறது என்று சீன ஆய்வாளர் லின் கொங்சியாங் 1956இல் காட்டினார். தீபகற்ப மலேசியாவின் ‘லிமாவ் மாடு’ என்ற கமலா ஆரஞ்சுத் தோட்டங்கள் இதனால் பெரும் அடி வாங்கின. அமெரிக்காவின் புளோரிடாவில் 2005இல் இது கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் அங்கே ஆரஞ்சு விளைச்சல் சரிந்துகொண்டே போனது.

காரணம் ஒரு பாக்டீரியா. இலையில் தயாராகும் சர்க்கரையை வேருக்குக் கொண்டுபோகும் குழாய்களில் அது குடியேறுகிறது. குழாய் அடைபட்டதும் சர்க்கரை இலையிலேயே மாவுச்சத்தாகத் தேங்கி, இலை தடித்து மஞ்சளாகிறது. வேர் பட்டினி கிடக்கிறது. மேலே சோறு குவிந்திருக்க, கீழே பசி. உரம் எவ்வளவு போட்டாலும் மரம் தேறாததற்கு இதுதான் காரணம். காய் கோணலாக வளரும், வழக்கத்துக்கு மாறாக அடிப்பக்கம் பச்சையாகவே நிற்கும், விதைகள் சூம்பிப் பழுப்பாக இருக்கும். தொற்றிய பின் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை வெளியே எதுவுமே தெரியாமல் இருக்கக்கூடும் என்பதுதான் இதில் மோசமான விஷயம்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை எளிது. சந்தேகமான முதிர்ந்த இலையில், நடு நரம்புக்குக் குறுக்கே இரு பக்கமும் ஒரே தூரத்தில் பேனாவால் ஒவ்வொரு வட்டம் போடுங்கள். இரண்டு வட்டத்துக்குள்ளும் நிறம் ஒன்றாக இருந்தால் சத்துக் குறைவு என்று எண்ணலாம். ஒன்று பச்சை, மற்றது மஞ்சள் என்று இருந்தால், அதே நிலை பல இலைகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தால், கவலைப்பட வேண்டியதுதான். இன்னொரு வழி மாவுச்சத்துச் சோதனை. இலைப்பரப்பை உப்புத்தாளால் பத்து முறை தேய்த்து, அந்தத் தாளை ஒரு சிறு பிளாஸ்டிக் பையில் 1 மில்லிலிட்டர் தண்ணீருடன் கசக்கி, ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். நல்ல இலையென்றால் நீர் அயோடினின் பழுப்பு நிறத்திலேயே இருக்கும். மாவு தேங்கிய இலையென்றால் கறுத்துவிடும். கம்பி கட்டி இறுகிய கிளையிலும் மாவு தேங்கும், ஆகவே இது சாட்சிதான், தீர்ப்பல்ல. ஆய்வகத்தில் செய்யும் மரபணுச் சோதனைதான் உறுதி சொல்லும்.

இந்தப் பாக்டீரியா காற்றில் வராது, கை பட்டாலும் பரவாது. நோயுள்ள மரத்திலிருந்து எடுத்துக் கட்டிய ஒட்டு வழியாகவோ, ஆசிய சில்லிட் பூச்சி வழியாகவோதான் வரும். 3, 4 மில்லிமீட்டர் நீளமுள்ள, புள்ளி விழுந்த பழுப்புப் பூச்சி அது. இலையில் தலையைத் தாழ்த்தி, பின்புறத்தை 45 டிகிரி உயர்த்தி, முள் குத்தி நிற்பதுபோல் உட்காரும். ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. பெண் பூச்சி மஞ்சள் நிற முட்டைகளை விரியாத கொழுந்தில் மட்டுமே இடும். குஞ்சுகள் கொழுந்தைச் சாறுறிஞ்சி, சுருள் சுருளாக வெள்ளை மெழுகு நூலை வெளியே தள்ளும். இங்குள்ள வெப்பத்தில் முட்டையிலிருந்து பூச்சியாக இரண்டு வாரம் போதும்.

இந்தப் பூச்சிக்கு மிகப் பிடித்த செடிகளில் ஒன்று கறிவேப்பிலை. இன்னொன்று சிங்கப்பூரில் வேலிக்காக வைக்கும், மலாயில் கெமுனிங் எனப்படும் வெண்பூச்செடி. ஆய்வுகளில் கறிவேப்பிலைக்குள் அந்தப் பாக்டீரியா தங்கிப் பெருகுவதாகக் காணப்படவில்லை. அதாவது கறிவேப்பிலைக்கு நோய் வராது. ஆனால் நோயைச் சுமக்கும் பூச்சிக்கு அதுதான் பிரசவ அறை. அதனால்தான் அமெரிக்காவில் விமான நிலையத்திலேயே பச்சைக் கறிவேப்பிலையைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். நம் வீடுகளில் எலுமிச்சைத் தொட்டியும் கறிவேப்பிலைத் தொட்டியும் தோளோடு தோள் உரசி நிற்கும். இரண்டுக்கும் இடையே சில மீட்டர் இருந்தாலும் பூச்சி பறந்து போகும். ஆகவே இடத்தை மாற்றி வைத்துப் பெரிய பயன் இல்லை. கறிவேப்பிலையைக் காவல்காரனாக மாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம். அதன் கொழுந்தை வாரம் இருமுறை புரட்டிப் பாருங்கள். மெழுகு நூலோ முட்டையோ தெரிந்தால் அந்த நுனியைக் கிள்ளி, பையில் போட்டு முடிச்சிடுங்கள். வெட்ட வெட்டத் தழைக்கும் செடி அது, வருத்தம் வேண்டாம். கறிவேப்பிலைக்கு எப்படியும் இலை இலையாகக் கிள்ளுவதைவிடக் கிளையாக வெட்டுவதுதான் நல்லது. பூங்கொத்தையும் கிள்ளிவிட்டால் இலை கூடும்.

எலுமிச்சையில் டிராகன் நோய் உறுதியானால் குணமாக்க மருந்து இல்லை. செடியை எடுத்துவிட வேண்டும். எடுப்பதற்கு முன் சோப்புக் கரைசலால் செடி முழுவதையும் நனைத்துப் பூச்சியைக் கொன்றுவிட்டு வெட்டுங்கள். இல்லையென்றால் வெட்டிய உடனே அவை பக்கத்து வீட்டுச் செடிக்குக் குடிபோகும். காயைச் சாப்பிட்டால் மனிதருக்குத் தீங்கில்லை. ருசி மட்டும் கெட்டிருக்கும்.

சொறி நோய்: காற்றும் மழையும் சேரும்போது

தரை வீட்டு எலுமிச்சையில் அதிகம் தென்படுவது பாக்டீரியச் சொறி. முதலில் நீர் கோத்ததுபோல் ஒரு சிறு புள்ளி தோன்றும். பிறகு அது தடித்து, தக்கைபோல் சொரசொரப்பாகி, சுற்றிலும் மஞ்சள் வளையம் கட்டும். விரலால் தடவினால் இலையின் இரண்டு பக்கமும் மேடு தட்டுப்படும். மற்ற இலைப்புள்ளிகளிலிருந்து இதைப் பிரித்தறிய இந்தத் தடவல் சோதனை போதும். பூஞ்சைப் புள்ளிகள் பெரும்பாலும் தட்டையாகவோ பள்ளமாகவோ இருக்கும். காயிலும் பச்சைக் குச்சியிலும்கூட இதே சொறி வரும்.

எல்லா வகையும் ஒன்றல்ல. நம் சிறு எலுமிச்சைக்கு இந்த நோய் மிக எளிதில் வரும். லிமாவ் பூருட்டும் தப்பாது. கலமான்சியும், தோலோடு தின்னும் சிறு ஆரஞ்சுபோன்ற கும்குவாட்டும் நன்றாகவே தாக்குப்பிடிக்கும். மழை கொட்டும் இடத்தில் ஒரே ஒரு செடிதான் வைக்க முடியும் என்றால் கலமான்சியை வைப்பது நல்லது. ரசத்துக்கும் சர்பத்துக்கும் அது ஒன்றும் குறைந்ததில்லை.

வெறும் தூறலால் இந்தப் பாக்டீரியா இலைக்குள் போவது கடினம். நொடிக்கு 8 மீட்டருக்கு மேல், அதாவது மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றோடு மழை அடிக்கும்போது இலைத்துளை வழியாக நீர் உள்ளே தள்ளப்படுகிறது; கூடவே பாக்டீரியாவும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா தீவுப் பக்கமிருந்து மழையோடு வந்து விடியற்காலையில் நம்மை எழுப்பும் ‘சுமத்ரா’ காற்றின் வேகம் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர். கொழுந்து விரிந்திருக்கும் வாரத்தில் ஒரு சுமத்ரா அடித்தால், ஏழு முதல் பத்து நாளில் புள்ளிகளை எதிர்பார்க்கலாம். தொட்டியென்றால் அந்தச் சில வாரங்களுக்குச் சுவரோரமாக நகர்த்தி வைப்பதே பெரிய மருத்துவம்.

காற்று திறக்காத கதவை இலைச்சுரங்கப் புழு திறந்துவிடும். இளம் இலைக்குள் வெள்ளிக்கோடாக வளைந்து வளைந்து போகும் அந்தச் சுரங்கம் பார்க்கத்தான் அழகு. தோல் கிழிந்த அந்த வழி முழுக்க பாக்டீரியாவுக்கு விருந்து. கொழுந்து 4 சென்டிமீட்டர் நீளத்தைத் தாண்டும் முன், 1 லிட்டர் தண்ணீருக்கு செடிகளுக்கென்றே விற்கும் தோட்ட எண்ணெய் 5 மில்லிலிட்டர் கலந்து இருபுறமும் படும்படி தெளித்தால், அந்துப்பூச்சி அதில் முட்டையிடத் தயங்கும். முன்பே சுரங்கம் விழுந்த இலைகளைக் கிள்ளி எறிய வேண்டாம். சொறி இல்லாதவரை அவை செடிக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டுதான் இருக்கும்.

சொறிக்குத் தாமிரமே பழைய, நம்பகமான மருந்து. ஆனால் அது காவல்தான், சிகிச்சை அல்ல. இலை மேல் படிந்திருக்கும்போது வரும் பாக்டீரியாவைக் கொல்லும், உள்ளே போய்விட்டதைத் தொடாது. ஆகவே புள்ளி வந்த இலைக்கு அடித்துப் பயனில்லை, அடுத்த துளிருக்கு அடிக்க வேண்டும். 50 சதவீதக் காப்பர் ஆக்சிகுளோரைடு தூள் என்றால் லிட்டருக்கு 2.5 கிராம். இலை பாதி விரிந்ததும் ஒருமுறை, இரண்டு அல்லது மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. கலக்கும் குடுவையை அடிக்கடி ஆட்டுங்கள், தூள் அடியில் தங்கிவிடும்.

தாமிரமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையைச் சொந்தமாகச் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 1 லிட்டருக்கு 10 கிராம் மயில்துத்தம் (தாமிர சல்பேட்), 10 கிராம் சுட்ட சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் அரை அரை லிட்டர் நீரில் கரைத்துவிட்டுப் பிறகு சேர்க்க வேண்டும். துரு நீக்கிய சாதாரண இரும்புக் கத்தியை அதில் சற்று நேரம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்புநிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, அப்படியே தெளித்தால் இலை கருகும். சுண்ணாம்புநீர் இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். அன்றே தெளித்து முடித்துவிட வேண்டும், மறுநாளைக்கு ஆகாது. எந்தத் தாமிர மருந்தானாலும் தெளிக்கும்போது தொட்டி மண்ணைப் பழைய நாளிதழால் மூடுங்கள். தாமிரம் மண்ணிலிருந்து போகாது. ஆண்டுக்கணக்கில் சொட்டிச் சேர்ந்தால் சிறிய தொட்டியில் வேரையே கெடுக்கும்.

சொறி பிடித்த குச்சியை வெட்டுவது இலை காய்ந்திருக்கும் பிற்பகலில் மட்டும். ஈரத்தோடு வெட்டினால் கத்தரியே பாக்டீரியாவைப் பந்தி பரிமாறிவிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு 70 சதவீத ஆல்கஹாலால் கத்தரியின் வாயைத் துடைத்துவிடுங்கள். குளோரின் கரைசலும் கொல்லும், ஆனால் இரும்பைத் தின்றுவிடும்.

கறுப்பு இலையும் எறும்பும்

இலைமேல் புகைக்கரிபோல் படிந்திருக்கும் கறுப்பைக் கண்டு பயந்துபோய் பூஞ்சைக்கொல்லி வாங்குபவர்கள் உண்டு. அந்தக் கரும்பூஞ்சணம் செடியைத் தின்பதில்லை. மாவுப்பூச்சி, செதில் பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ ஆகியவை வெளியேற்றும் இனிப்புக் கழிவில்தான் அது வளர்கிறது. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், பூச்சி இருந்தால் திரும்ப வரும். பூச்சியை விட்டு நகராமல் காப்பது எறும்பு. இனிப்புக்காக அது பூச்சிகளை மாடு மேய்ப்பதுபோல் மேய்த்து, அவற்றைத் தின்ன வரும் பொறிவண்டையும் குளவியையும் விரட்டும்.

ஆகவே எறும்பை மறித்தால் பாதிப் பிரச்சினை தானே தீரும். ஊரில் தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைப்பார்கள். இங்கே அது கொசுவுக்கு விடும் அழைப்பு. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அபராதமும் கூடவே வரும். தண்டைச் சுற்றி அகலமான டேப்பை ஒட்டி, அதன் மேல் பிசுபிசுப்புப் பசையைத் தடவுங்கள். பட்டை மேல் நேராகத் தடவக் கூடாது. பிறகு செடியின் எந்தக் கிளையாவது சுவரையோ துணி காயவைக்கும் மூங்கிலையோ தொடுகிறதா என்று பாருங்கள். எறும்புக்கு ஒரே ஒரு பாலம் போதும்.

மாவுப்பூச்சி நாலைந்து இடத்தில் மட்டும் இருந்தால் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் தொட்டு எடுங்கள். அதிகமானால் லிட்டருக்கு 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெய், 2 மில்லிலிட்டர் மென்மையான திரவச் சோப்பு. முதலில் சோப்பையும் எண்ணெயையும் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் பால்போல் கலக்கி, பிறகு மீதி நீரைச் சேர்க்க வேண்டும். நேராக ஊற்றினால் எண்ணெய் மிதக்கும், மிதந்த எண்ணெய் பட்ட இலை கருகும். இரண்டு மூன்று இலைகளில் அடித்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். பிறகு சூரியன் சாய்ந்தபின், ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை. முதல் தெளிப்பில் தப்பிய முட்டைகளுக்குத்தான் மற்ற இரண்டும். தாழ்வாரத்தில் தெளிக்கும் முன் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வேப்பெண்ணெய் வாசம் எல்லாருக்கும் ஆகாது.

மண்ணில் போட்டால் வேர் வழியாக ஏறி இலை முழுக்கப் பரவும் இமிடாகுளோபிரிட் வகை மருந்துகளைக் கறிவேப்பிலைக்குப் போடவே வேண்டாம். நாம் தாளிப்பது இலையைத்தான். இலைக்குள் இருப்பதைக் கழுவ முடியாது. எலுமிச்சைக்கும் பூக்கும் சமயத்தில் அவை தேனீயைக் கொல்லும்.

ஒரு சின்ன விலகல்: பறவை எச்சம்போல் கறுப்பு வெள்ளையாக இலையில் கிடப்பது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுவாக இருக்கலாம். வளர்ந்தால் பச்சையாகி, தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு நீட்டி ஒரு புளித்த நாற்றம் விடும். அது நோயல்ல. பெரிய செடிக்கு நாலு புழு ஒரு பொருட்டே இல்லை. ஒரு முழம் உயரச் செடியென்றால் மட்டும் எடுத்து வேறு செடிக்கு மாற்றுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு கிளையை அவற்றுக்கென்றே விட்டுவிடலாம்.

மண்ணுக்குள் நடப்பது

மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது தாகம் அல்ல, வேரழுகல். இலையின் நடு நரம்பும் பக்க நரம்புகளும் மட்டும் மஞ்சளாவது இதன் முன்னறிவிப்பு. செடியைத் தொட்டியிலிருந்து சாய்த்து எடுத்து ஒரு மெல்லிய வேரை விரலால் உருவிப் பாருங்கள். நல்ல வேர் வெளிர் நிறத்தில் உறுதியாக இருக்கும். அழுகிய வேரில் தோல் உறைபோல் கழன்று, நடுவில் வெள்ளை நூல் மட்டும் நிற்கும். கெட்ட வாடையும் வரும்.

அழுகிய பகுதியை வெட்டி, வேரில் மூன்றில் ஒரு பங்கு போனால் கிளையிலும் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, புது மண்ணில் நடுங்கள். கடையில் விற்கும் தொட்டிமண்ணில் தேங்காய்நார்த் தூள் அதிகம். அது ஈரத்தை விடாது. மூன்று பங்கு மண்ணுக்கு ஒன்றரைப் பங்கு பெர்லைட்டோ (வெள்ளை எரிமலைக் கல் பொரி), இங்கே மூட்டையாகக் கிடைக்கும் சுட்ட மண் கட்டியோ சேர்க்கலாம். ஒட்டுக்கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே ஒரு கையகலமாவது தெரிய வேண்டும். அதைப் புதைத்தால் தண்டின் அடியில் பட்டை வெடித்துப் பிசின் வடியும். அங்கே நுழைவதும் வேரழுகல் கிருமிதான். புது நடவுக்குப் பின் ஒரு மாதம் உரம் வேண்டாம்.

தொட்டியின் மேல்மண் இறுகி, ஊற்றிய நீர் குளம்போல் நின்று மெதுவாக இறங்கினால் வேருக்குக் காற்று இல்லை என்று அர்த்தம். இறுகிய மண்ணைக் கிளறிவிடுங்கள், தட்டு நீரைக் கொட்டுங்கள் என்று டெங்கிக்காக நமக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கொசுவுக்காகச் சொன்னது வேருக்கும் பொருந்துகிறது. வடகிழக்குப் பருவமழையில், குறிப்பாக டிசம்பரில், தொட்டிக்கடியில் செங்கல் துண்டு வைத்து இரண்டு விரல்கட்டை உயர்த்திவிட்டு, தட்டை எடுத்தேவிடுங்கள்.

வாசலுக்குள் வரும் புதுச்செடி

எலுமிச்சை நோய்கள் தூரத்தைக் கடப்பது பெரும்பாலும் நம் கைகளில்தான். ஆஸ்திரேலியாவின் டார்வினில் 2018இல் சொறி நோய் கண்டுபிடிக்கப்பட்டதே தொட்டிச் செடிகளில். அதை அங்கே முற்றாக ஒழிக்க 2021 வரை ஆனது. ஊரிலிருந்து ஒட்டுச்செடியைப் பெட்டிக்குள் துணியில் சுற்றிக் கொண்டுவருவது அன்பான காரியமாகத் தோன்றலாம். அதற்கு இறக்குமதி அனுமதியும் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். மேலே சொன்ன டிராகன் போன்ற நோய்கள் கூடவே வந்துவிடக் கூடாதே.

சீனப் புத்தாண்டு முடிந்ததும் குப்பைத்தொட்டி அருகே காயும் இலையுமாகக் கிடக்கும் கும்குவாட், கலமான்சித் தொட்டிகளைப் பார்த்தால் மனசு கேட்காது. தூக்கி வருவதானால் கண்ணைத் திறந்துகொண்டு தூக்குங்கள். பல தொட்டிகளில் கிளைகள் கம்பியால் கட்டப்பட்டிருக்கும், வேர் ஒரு களிமண் உருண்டைக்குள் சிக்கியிருக்கும். கம்பியை அறுத்து, காய்களைப் பறித்து, களிமண்ணை நீர்பீய்ச்சிக் கரைத்து, புதுமண்ணில் வையுங்கள். இலையின் இரு பக்கமும் தடவிப் பாருங்கள், பேனா வட்டம் போட்டுப் பாருங்கள். வெட்டிய கழிவை உரக்குழிக்கோ சமூகத் தோட்டத்துக் குவியலுக்கோ கொண்டுபோகாமல், இறுக முடிந்த பையில் குப்பைக் குழாயில் போடுங்கள். இங்கே குப்பை எரியூட்டப்படுவதால் அது அங்கேயே முடிந்துபோகும்.

பிறகு அந்தச் செடி உங்கள் எலுமிச்சைக்கும் கறிவேப்பிலைக்கும் பக்கத்தில் போகக் கூடாது. வீட்டின் மறுபக்கத்தில், ஜன்னலோரத்தில் தனியாக நிற்கட்டும். எத்தனை நாள் என்றால், குறைந்தது புதிதாக ஒரு துளிர் கிளம்பி, விரிந்து, கரும்பச்சையாக முற்றும்வரை.